இடது முன்சக்கரத்தின் தடம்

215/40 R17. ஜெயப்பிரகாஷ் இந்த எண்ணைச் சாக்பீஸால் சிமென்ட் தரையில் எழுதுகிறார். கொஞ்ச நேரம் பார்க்கிறார். எழுதிய கையாலேயே அழிக்கிறார். பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்ததும் தினமும் முதல் வேலை அதுதான்.

வடக்குத்து கிராமத்தில், நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போகும் சாலையோரம் அவருடைய டயர் கடை. நாற்பத்து நான்கு வயது, ஒட்ட வெட்டிய தலை, நகக்கண்ணில் ரப்பர் கறுப்பு. காரை விரட்டி ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் கடலூர், புதுச்சேரியிலிருந்துகூட இவரைத் தேடி வருகிறார்கள். டயரில் எழுதியிருக்கும் மூன்று எண்களில் முதலாவது அதன் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரத்துக்கான கணக்கு, கடைசி எண் ரிம். ரிம்மைப் பெரிதாக்கினால் பக்கச்சுவர் குட்டையாக வேண்டும். அப்போது ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே வண்டி திரும்பும், குழியில் விழுந்தால் ரிம் நெளியும். டயர் அகலமானால் காய்ந்த ரோட்டைக் கவ்வும், தேங்கிய தண்ணீரில் மிதக்கும். மிதக்கும் என்று சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"பெரிசாத் தெரியணும்ணே," என்றார் குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒருவர்.

"பெரிசாத் தெரியணும்னா தேரு வாங்கிக்கங்க. வளைவுல திரும்பணும்னா நான் சொல்றத மாட்டுங்க."

அவருடைய சோதனை வேறெங்கும் பார்க்க முடியாதது. பக்கத்தில் சாம்பலில் செங்கல் அறுக்கும் பட்டறை. அங்கிருந்து மாவு போன்ற அனல்மின் நிலையச் சாம்பலை வாங்கி வந்து தரையில் சலித்துத் தூவுவார். ஜாக்கியில் தூக்கிய காரை அதன்மேல் மெல்ல இறக்கி, மறுபடி தூக்குவார். சாம்பலில் நான்கு தடங்கள் பதிந்திருக்கும், ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு. "இந்த நாலு கை தாங்க வண்டியப் புடிச்சிகினு இருக்குது," என்பார். பாரம் கூடினால் தடம் நீளும். ஆள் ஏறினால் காற்று கூட்ட வேண்டும். வெறும் காரில் இடமும் வலமும் ஒத்துப்போக வேண்டும்.

ஒரே ஒரு காரில் ஒத்துப்போவதில்லை. அது அவருடையது.

கடையின் பின்பக்கம்தான் வீடு. அடுப்படி ஜன்னலுக்கு நேரே அந்தச் சிவப்புக் கார் நிற்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் அதற்கு 215 மாட்டி, ஓட்டிக் காட்டுவதற்காக மனைவி மலர்கொடியின் தம்பி வளவனை ஏற்றிப் போனார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த வளவன், ஷிப்ட் முடித்த களைப்பிலும் ஆசையாக இடது முன்சீட்டில் ஏறிக்கொண்டார். குள்ளஞ்சாவடி வழியில், முந்திரித் தோப்பை ஒட்டிய வளைவில் மழைத்தண்ணீர் நின்றிருந்தது. கார் மிதந்தது. இடது பக்கம் மரத்தில் மோதியது. ஜெயப்பிரகாஷுக்குக் கை முறிந்தது. வளவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

காரைச் சரிசெய்து முதன்முதலாகச் சாம்பலில் இறக்கியபோது இடது முன்சக்கரத்தின் தடம் மட்டும் ஒரு விரல் நீளமாக விழுந்தது. ஸ்பிரிங்கை மாற்றினார். டயரை இடம் வலமாக மாற்றிப் போட்டார். நீளம் டயரோடு போகவில்லை, இடதுபுறமே நின்றது. 215-ஐக் கழற்றி 205 போட்டார், பிறகு 195. இப்போது கம்பெனி கொடுத்த அளவான 185. தடம் குறுகிக்கொண்டே வருகிறது, அந்த ஒரு விரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

மலர்கொடிக்கு இந்தக் கார் போயாக வேண்டும். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அவருடைய அம்மா பட்டம்மாள், அது நிற்கிறவரை இந்த வாசலை மிதிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே மிதிக்கவும் இல்லை. கோயிலில் பார்த்தால் மகளிடம் பேசுகிறார், தெருமுனை வந்ததும் நின்றுவிடுகிறார்.

பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் கலைச்செல்வன் காரைக் கேட்டு வந்தார். மறைத்து விற்க ஜெயப்பிரகாஷுக்கு மனமில்லை. தடத்தைக் காட்டினார். நடந்தது எதுவும் தெரியாத கலைச்செல்வன் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இடது சீட்ல ஒரு ஆளு ஒக்காந்துகினு இருக்கற கணக்குதானண்ணே. இதுக்கா யோசிக்கிறீங்க?"

ஜெயப்பிரகாஷ் சாம்பலைக் கூட்டி அள்ளத் தொடங்கினார். மலர்கொடிதான், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கொண்டுவந்து ஒப்படைக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு காலை. வெயில் ஏறிவிட்டது. தூரத்தில், சுரங்கத்து மண்மலைக்கு மேலே அனல்மின் நிலையப் புகை அசையாமல் நின்றது. ஜெயப்பிரகாஷ் கடைசியாக ஒருமுறை காரைச் சாம்பலில் இறக்கித் தூக்கினார். அதே ஒரு விரல்.

"இப்படி அழுத்துற வண்டிய அடுத்தவன் கையில எப்படி மலரு குடுக்கறது?"

மலர்கொடி புதுப்புடவையில், பூ வைத்து நின்றிருந்தார். அம்மா மதியம் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார், மீன் கழுவி வைத்தாயிற்று. "இரும்பும் ரப்பரும்ங்க. வேற ஒன்னும் கெடையாது. நானே கூட வந்து வுட்டுட்டு வரேன், எடுங்க."

ஜெயப்பிரகாஷ் காரைத் தரையில் இறக்கி, ஸ்டீயரிங் முன் உட்கார்ந்து இஞ்சினைக் கிளப்பினார். மலர்கொடி வேகமாக வந்து இடது முன்கதவின் கைப்பிடியைப் பிடித்தார். கண்ணாடிக்கு உள்ளே பார்த்தார். கதவு பூட்டியிருக்கவில்லை, ஆனாலும் அவர் திறக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டார். பின்னால் நகர்ந்து, பின்கதவைத் திறந்து, கணவரின் முதுகுக்குப் பின்னால் போய் ஒடுங்கி உட்கார்ந்தார்.

ஜெயப்பிரகாஷ் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அவரைப் பார்த்தார். இஞ்சினை அணைத்து இறங்கினார். காற்றுக் குழாயை இழுத்துவந்து இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, ஆள் உட்கார்ந்த வண்டிக்கு எவ்வளவு வைப்பாரோ அவ்வளவு காற்றை வைத்தார்.

கலைச்செல்வனை வேறு வண்டி பார்த்துக்கொள்ளச் சொல்லியாயிற்று. புதன்கிழமை 175 வருகிறது.