மா மூட்டையை இறக்கிய நாள்

எங்கள் ரவுண்ஹவுஸ் வரிசை வீடுகளின் பார்க்கிங் லொட்டில், இரண்டு கார்களுக்கு நடுவில், போன ஆடி மாதம் ஒரு காலை மரச்சக்கரம் பூட்டிய கைவண்டி ஒன்று நின்றது. ரொறொன்ரோவின் மல்வேர்னுக்கு வந்து இருபத்திரண்டு வருடம். பனிக்குள் புதைந்த கார், குப்பைத் தொட்டியைத் திறக்கத் தெரிந்த ரக்கூன் எல்லாம் கண்டாயிற்று. இது புதிது. முன்வீட்டு ரூத், எழுபது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, கணுக்கால் வரை தொங்கும் பாவாடையும் துணித்தொப்பியுமாக அதில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். கோதுமை மா மூட்டை, வாளி, சட்டி, சுருட்டிய போர்வை. மனுசிக்கு வீடு பறிபோய்விட்டது, லொறி பிடிக்கவும் வழியில்லை என்றே நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவளுக்கு வண்டியில் மா மூட்டையையும் போர்வையையும் கண்டால் வேறென்ன தோன்றும்?

அடுப்பில் இருந்த சோற்றையும் பருப்பையும் கத்தரிக்காய்க் கறியையும் பெட்டியில் போட்டு, வான் வண்டியின் திறப்புச் சாவியையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். "எங்கே போகப்போகிறீர்கள்? எங்கள் பேஸ்மென்ற் சும்மாதான் கிடக்கிறது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூச்சுவாங்கச் சொன்னேன். ரூத் சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார், திறப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல விளங்கப்படுத்தினார். அடுத்த சனிக்கிழமை அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள் நகரத்துக்கு வடக்கே ஒரு பண்ணைப் பாதையில் இந்த வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கப்போகிறார்களாம், இது அதற்கான ஒத்திகையாம். ஏன் என்று கேட்டேன். "எங்கள் ஆட்கள் ஒருகாலத்தில் இப்படி நடந்தார்கள். பிள்ளைகள் மறக்கக்கூடாது."

உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. இடம்பெயர்வதை விளையாடிப் பார்க்கிற சனமும் உலகத்தில் இருக்கிறதா! வீட்டுக்கு வந்து மகள் அபியிடம் பொரிந்து தள்ளினேன்.

"அம்மா, அவை மோர்மன்ஸ், ஒரு கிறிஸ்தவச் சபை. இற்ஸ் தெயர் ஹிஸ்ற்ரி. நீங்கள் ஏன் இவ்வளவு அப்செற் ஆகிறீங்கள்?"

பதினேழு வயதுப் பிள்ளைக்கு எங்கள் நடையைப் பற்றி நான் சொல்லியிருந்ததெல்லாம் "கனதூரம் நடந்தனாங்கள்" என்பது மட்டுந்தான்.

இரண்டு நாள் கழித்து ரூத் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெறும் பெட்டியாக இல்லை, உள்ளே கோதுமை மாவில் வீட்டில் சுட்ட பாண். எங்கள் ஊர்ப் பழக்கம் இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தபோதே கோபம் பாதி இறங்கிவிட்டது. தேத்தண்ணி குடிப்பது அவர்களுடைய சமயத்தில் இல்லை என்றார். மல்லி அவித்துக் கொடுத்தேன், இரண்டு கோப்பை குடித்தார். அப்போதுதான் தன் பூட்டனின் தகப்பனைப் பற்றிச் சொன்னார்.

அந்த மனிதர் இங்கிலாந்திலிருந்து வந்து இதே ரொறொன்ரோவில் வண்டிச் சக்கரம் செய்தவர். தெற்கிலிருந்து வந்த போதகர்களின் புதிய சமயத்தை நம்பி ஆற்றில் முழுகினாராம். அதன்பிறகு ஒருவரும் அவரிடம் சக்கரம் வாங்கவில்லை. மனைவியோடு எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனார். அங்கேயும் ஊர் ஊராகத் துரத்தினார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள், அவர்களுடைய தீர்க்கதரிசியைக் கும்பல் ஒன்று சுட்டுக் கொன்றது. கடைசியில் மேற்கே உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை நோக்கி ஒரு கைவண்டிக் கூட்டத்துக்குத் தலைவராகிப் போனார். ஆளுக்குப் பதினேழு இறாத்தல், அதாவது எட்டுக் கிலோ, சாமானுக்கு மேல் ஏற்றக்கூடாது. வழியில் நடக்கமாட்டாமல் ஒரு டென்மார்க் கிழவி நிலத்தில் இருந்துவிட்டாள். அவர் உளி, சுத்தியல் எல்லாம் இருந்த தன் தொழில் ஆயுதப் பெட்டியை இறக்கிப் பாதையோரம் வைத்துவிட்டு, அந்தக் கிழவியை ஏற்றி இழுத்தாராம். "பிறகு ஒரு குடியேற்றத்துக்கே பெரியவராக இருந்தார். மூன்று மனைவிகள்" என்றார் ரூத். "மூன்று பேரையும் சமாளித்தவருக்கு மலை என்ன, வண்டி என்ன" என்றேன். மனுசி கோப்பை தளும்பச் சிரித்தார். அவர்கள் போய் இறங்கிய பள்ளத்தாக்கில் ஏற்கெனவே ஆதிக்குடி ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. மல்வேர்னில் என் வீட்டு நிலத்துக்கும் அதே கதைதான்.

சிரித்தேனே தவிர, அந்த ஆயுதப் பெட்டி என் நெஞ்சில் ஏறிக் குந்திவிட்டது. தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் தெருவில் இறங்கியபோது எங்களிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதில் ஒரு மூட்டை அரிசி. அப்பாவின் தமக்கை இராசம்மா மாமிக்கு முழங்கால் வீக்கம். அரியாலையில் ஒரு மதிலோரம் இருந்துவிட்டார். "நீங்கள் போங்கோ, நான் ஆறுதலாய் வாறன்" என்றார். அரிசியை இறக்கினால் எல்லாரும் பட்டினி. இறக்கவில்லை. பாலம் கடந்து மீசாலையில் அரிசியை வைத்துவிட்டு அப்பா மாமியை ஏற்றிவரச் சைக்கிளோடு திரும்பினார். நாவற்குழிப் பாலத்தில் சனம் ஒரே பக்கமாக வந்துகொண்டிருந்தது, எதிரே ஒரு அடி வைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் செய்தி வந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் மாமியைத் தன் தள்ளுவண்டியில் ஏற்றிப் பாலம் கடத்தியிருக்கிறார். அக்கரையில், கைதடியில், மாமியின் மூச்சு அடங்கியிருக்கிறது. அந்த மனிதர் யார் என்று இன்றுவரை தெரியாது. கும்பிடவும் முகமில்லை. அந்த அரிசியை நாங்கள் சமைத்துச் சாப்பிட்டோம், நானும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை அபி பள்ளிக்கூடம் கேட்கிற வொலன்ரியர் மணித்தியாலத்துக்காக ரூத்தோடு போவதாகச் சொன்னாள். நானும் வெளிக்கிட்டேன். பாதை தொடங்கும் இடத்தில், எல்லோரும் தம் முன்னோர் ஒருவரின் பெயரை அட்டையில் எழுதி வண்டியில் கட்டினார்கள். ரூத் எனக்கும் ஒரு வெற்று அட்டை நீட்டினார். "அன்றைக்குச் சோற்றோடு ஓடிவந்தீர்களே. உங்கள் ஆட்களிலும் யாரோ இப்படி நடந்திருக்கிறார்கள்." தமிழில் இராசம்மா என்று எழுதிக் கட்டினேன்.

மேட்டின் அடியில் வெயில் ஏறிவிட்டது. ரூத்தின் முகம் வெளிறியது. பாதையோரக் கல்லில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "நீங்கள் போங்கள், நான் மெதுவாக வருகிறேன்."

அதே வசனம். பின்னால் பிக்கப் வாகனம் வருகிறது, கவலைப்பட வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். அது நியாயந்தான். ஆனால் என் கை மா மூட்டையின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டது. "இறக்குங்கோ மூட்டையை! ஆளை ஏத்துங்கோ!" என்று தமிழில் கத்தினேன். ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனாலும் எல்லாரும் கீழ்ப்படிந்தார்கள். ரூத் ஏறி இருந்தார். நானும் அபியும் முன்கட்டையைப் பிடித்தோம், மற்றவர்கள் பின்னால் தள்ளினார்கள். மேடு ஏறும்வரை நான் அழுதுகொண்டே இழுத்தேன்.

உச்சியில் ரூத்துக்குத் தண்ணீர் கொடுத்து நிழலில் இருத்தினார்கள். அவர் என் கையை விடவில்லை. "நன்றி" என்றார். அதை நான்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"அம்மா, இராசம்மா ஆர்?" என்று அபி கேட்டாள்.

சொன்னேன். அரிசி மூட்டை, மதில், பாலம், தள்ளுவண்டி, நாங்கள் சாப்பிட்ட சோறு, ஒன்றையும் விடவில்லை. அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு எழும்பி, வந்த பாதையிலேயே கீழே இறங்கத் தொடங்கினாள்.

"எங்கையடி போறாய்?"

"மூட்டையை எடுத்துக்கொண்டு வாறன்."

அவளை யாரும் மறிக்கவில்லை. எதிரே சனமும் வரவில்லை. இந்த நாட்டில் ஒருத்தி பாதையில் விட்டதைத் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வரலாம். நான் இந்த மண்ணுக்கு நன்றி சொல்ல இது ஒன்றே போதும். சிறிது நேரத்தில் மா மூட்டையைத் தோளில் வைத்தபடி அபி மேடேறி வந்து என் காலடியில் இறக்கினாள். அவள் வந்த பிறகும் நான் அந்தப் பாதையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளுக்குப் பின்னால், ஆறுதலாய், இன்னும் ஒருவர் வரவேண்டியிருந்தது.