ரெண்டாம் லைன் வெள்ளை வளையம்

எங்க எஃகு ஆலையில அவங்களுக்கு ஆசிட் அக்கான்னு பேரு. வாயும் அப்படித்தான், அது வேற கதை. நான் வார்த்த கம்பத்துல துண்டு அறுத்துக் குடுப்பேன். அக்கா அதை ஆசிட்ல முக்கி, உள்ள எப்படி உறைஞ்சிருக்குன்னு பாப்பாங்க.

உருகின எஃகு உறையுறப்போ நடுவுல ஓட்டை விழாம இருக்கக் கிண்டணும். அந்தச் சூட்டுல எந்தக் கரண்டி நிக்கும்? அதனால வெளிய காந்தச் சுருள் மாட்டி, கரண்டு விட்டு, தொடாமலே சுத்த வைப்பாங்க. ரெண்டாம் லைன்ல அந்த வேலை அக்கா புருஷனுக்கு. எதுலயும் கை தாராளம். கரண்டு கூடினா துண்டுல வெள்ளையா வளையம் விழும், அந்த இடம் பலம் கம்மி.

"இன்னிக்கும் வளையமா?"ன்னு அக்கா கத்துவாங்க.

"வளையல் வாங்கித் தரலன்னு அழுதியே, வளையமாவது வச்சுக்க."

ஒருநாள் கை கழுவப் போன மனுஷன் குழாயடியிலயே சாஞ்சிட்டாரு. அந்த சீட்டு அவரு தம்பிக்கு வந்துச்சு. முதல் துண்டுலயே வெள்ளை வளையம்.

"டேய், கரண்டைக் கூட்டினியா?"

"சத்தியமா இல்ல அண்ணி. மீட்டர் முள்ளு சரியாத்தான் நிக்குது."

அவ்வளவுதான், செத்தவரு ட்யூட்டிக்கு வர்றாருன்னு ஆலை பூரா பேச்சு. சுருள்கிட்ட அவரு செருமுறது கேக்குதுன்னு நானும் நாலு பேர்கிட்ட அளந்தேன். நாலாவது ஆள்கிட்ட சொல்றப்போ எனக்கே கேட்டுச்சு.

அக்கா கத்துறதை நிறுத்திட்டாங்க. எல்லாத் துண்டையும் பாஸ் பண்ணாங்க. கையுறையோட வளையத்தைத் தடவிக்கிட்டே, வீட்டுல மோட்டார் ஓடலன்னு அதுகிட்ட சொல்லிட்டு இருப்பாங்க. வளையம் விழுதுன்னு மேல சொல்லிட்டா யாராவது சரி பண்ணிடுவாங்க, அவரு போயிடுவாருன்னு பயம்.

அப்புறம் கிரேன் கொக்கிக்கு ஆர்டர் வந்துச்சு.

"கொக்கிக்குக் கீழ ஆளு நிப்பாங்கல்ல?"ன்னு அக்கா என்கிட்ட கேட்டாங்க.

"பின்ன, எருமையா நிக்கும்?"

ரொம்ப நேரம் துண்டையே பாத்தாங்க. "போதுங்க"ன்னு அதுகிட்ட சொல்லிட்டு, சிவப்பு பெயிண்ட்ல பெருக்கல் போட்டாங்க.

எலக்ட்ரீசியன் வந்து மீட்டரைக் கழட்டினான். மேலதிகாரி திட்டக்கூடாதுன்னு, முள்ளைக் கம்மியாக் காட்டுற மாதிரி அக்கா புருஷன் எப்பவோ திருகி வச்சிருக்காரு. "செத்தும் கிண்டியிருக்காரு!"ன்னு அவன் சிரிச்சான். அக்கா சிரிக்கல.

முள்ளைச் சரி பண்ணினதும் அடுத்த துண்டு வந்துச்சு. வளையம் இல்ல. அக்கா அதை ஆசிட்டை விட்டு எடுக்கல.

"அக்கா, கருத்துப் போகுது, எடுங்க."

"இருப்பா. அவரு எப்பவும் லேட்டாத்தான் வருவாரு."