எங்கே போறீங்க என்று கேட்ட தம்பி

இன்று காலை பூவம் பஸ் நிறுத்தத்தில், பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு தம்பி கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். யார் எங்கே போகிறார்கள் என்று பார்த்துத்தான் திருநள்ளாற்றுக்கு நேர் பஸ் விடுவார்களாம். எத்தனை நாள் வேண்டுதல் அது.

"அம்மா, எங்கே போறீங்க?"

புறப்படும்போது அப்படிக் கேட்டால் போகிற காரியம் விளங்குமா? தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"பதில் சொல்லாம போறீங்களேம்மா?"

"இப்ப வீட்டுக்குத்தான் தம்பி."

பின்னால் நின்றவர்களும் அதையே சொல்லித் திரும்பினார்கள்.

பாவம், வெயிலில் நிற்கிறாரே என்று மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாளைக் காட்டினார். அதன்படி பூவத்துக்காரர்கள் எல்லோரும் வீட்டிலிருந்து வீட்டுக்கே போகிறோம்.

இதற்கு எந்த பஸ்ஸை விடுவார்கள், நீங்களே சொல்லுங்கள்.