கெமிஸ்ட்ரி படித்தவளும் ஊர்க் கிணறுகளும்

கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கப் போகிறவளுக்கு எந்த வீட்டிலும் முதலில் கிடைப்பது கதிரை, அடுத்தது தேநீர், அதற்குப் பிறகுதான் கிணறு.

இரசாயனவியலில் பட்டம் பெற்று, "இனி என்ன செய்யப்போறாய்?" என்று கேட்பவர்களைக் கண்டால் ஒழுங்கை மாறிப் போகும் என் இனத்தவர்களே, நானும் உங்களில் ஒருத்திதான். கிளிநொச்சியில் ஓர் ஆய்வுகூடத்தில் ஒப்பந்த வேலை. கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுமாணி படிக்க இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும். அம்மாவோ, அரசாங்க ரீச்சர் நியமனம் வரும்வரை முல்லைத்தீவைத் தாண்டி ஓரடி வைக்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கிளிநொச்சிக்கு விட்டதே பெரிய காரியம்.

மீன் என்ன விலை?

முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீர் மாதிரிகளை ஒருநாள் வவுனியாவில் இன்னோர் ஆய்வுகூடத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். மடியில் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி. புளியங்குளத்தில் ஏறிப் பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா, "பிள்ளை, மீன் என்ன விலை?" என்றார். கடற்கரைப் பக்கமிருந்து வருகிறவளின் மடியில் அப்படியொரு பெட்டி இருந்தால் யார்தான் வேறு நினைப்பார்கள்?

மூடியைத் திறந்து போத்தல்களைக் காட்டினேன். தண்ணீருக்கு எதற்கு ஐஸ், அதைப் பார்க்க எதற்கு நாலு வருடப் படிப்பு என்று வவுனியா வரைக்கும் விளக்கினேன். பாவம், பொறுமையாகக் கேட்டார். இறங்கும்போது பையிலிருந்து இரண்டு தோடம்பழங்களை எடுத்து என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கவலைப்படாதை பிள்ளை. கெதியா ஒரு ரீச்சர் வேலை கிடைக்கும்."

சுத்தமான மாதிரி

உருத்திரபுரத்தில் லெட்சுமி அக்கா வீடு. மலையகத்திலிருந்து வந்து குடியேறி வயல் செய்கிற குடும்பம். நான் தேநீரை ஊதிக் குடித்து முடிப்பதற்குள், போத்தலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போன அக்கா அதை நிரப்பியே கொண்டுவந்துவிட்டார்.

ஆய்வுகூடத்தில் பார்த்தால் அந்தத் தண்ணீர் அப்பழுக்கில்லாமல் இருந்தது. சுற்றியிருந்த கிணறுகளிலெல்லாம் புளோரைட் அளவுக்கு மிஞ்சி இருக்க, இவருடையதில் மட்டும் இல்லை. கருவிதான் பழுதாகிவிட்டதோ என்று தலையைப் பிய்த்துக்கொண்டு, மறுபடியும் போய்க் கேட்டேன். அக்காவுக்கு என் கேள்விதான் புதினமாக இருந்தது.

"வீட்டுக்கு வந்த புள்ளைக்கு எங்க கெணத்து உப்புத் தண்ணியவா குடுக்கிறது? அது கோயில் கெணத்துத் தண்ணி. ஒனக்குன்னு காலையிலேயே எடுத்துட்டு வந்து வச்சேன்."

மூன்றாவது தடவை

அந்த இரண்டாம் முறை நானே வாளி போட்டு அள்ளினேன். முடிவு நன்றாக இல்லை; பல்லையும் எலும்பையும் கெடுக்கிற அளவுக்குப் புளோரைட். சொல்வதற்காக மூன்றாவது தடவையும் போனேன். அக்கா கோபிக்கவில்லை. கொதிக்க வைத்தால் போகுமா என்று கேட்டார். போகாது என்றேன். துணியில் வடித்தால்? போகாது. பெரிய மெஷின் பூட்டினால் போகும் என்றேன். அது நம் வீட்டுக்குள் நுழையுமா என்று சிரித்தார். அவருடைய சின்ன மகள் கிணற்றடியில் நின்று, அதே தண்ணீரைச் செம்பில் எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"கெட்டதுன்னு கண்டுபுடிக்கிற படிப்பு இருக்கு. அதை எடுக்கிற படிப்பு இல்லையா புள்ள?"

இருக்கிறது. எனக்கு இடம் கிடைத்திருந்ததே அதற்குத்தான்.

எங்கட கிணறு

அந்தக் கிழமை வீட்டுக்குப் போய், "நான் கண்டிக்குப் போகப்போறன்" என்று சொல்லிவிட்டேன். "அங்க உனக்கு ஆர் இருக்கினம்? நியமனம் வந்தால் ஆர் போறது?" என்று கேட்ட அம்மா, குசினிக்குள் போய்ப் பாத்திரங்களோடு கதைக்கத் தொடங்கினார். அப்பா வலையைத் தூக்கிக்கொண்டு களப்புக்கு நழுவிவிட்டார்.

அடுத்த நாள் நான் கிளிநொச்சிக்கு வெளிக்கிடும்போது அம்மா படலையடியில் நின்றார். கையில் கழுவித் துடைத்த சோடாப் போத்தல் நிறையத் தண்ணீர்.

"ஊர்க் கிணறெல்லாம் பாக்கிறாய், எங்கட கிணறை ஒருநாளும் பாக்கேல்லை."

வாங்கிக்கொண்டு, "நல்லா இல்லையெண்டால் என்னம்மா செய்யிறது?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் கையை வைத்தார்.

"படிச்சுப்போட்டு வந்து சரியாக்கித் தா. அதுவரைக்கும் நாங்கள் இதைத்தானே குடிக்கப்போறம்."

கெமிஸ்ட்ரி படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று இனி யாராவது கேட்டால், எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு வேலை நிச்சயம் இருக்கிறது, சம்பளம் மட்டும் இல்லை என்று சொல்லலாமென்றிருக்கிறேன்.