அக்காளின் முகத்தை வரைந்தவர்

ஓவியர் பொன்னுரங்கம் காலமான செய்தியை என் அக்காள் மகள் தேவிதான் தொலைபேசியில் சொன்னாள். "சித்தி, அப்பா போயிட்டாரு. பேப்பர்ல போட போட்டோ கேக்குறாங்க. நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல லா."

இறந்தவரைக் குறை சொல்லலாகாது என்பார்கள். அவரைப் புகழ ஊரே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை நான் எழுதுகிறேன்.

எழுபதுகளில் அக்காள் சரோஜாவை மணந்து நகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தார். அரசாங்க வேலை. தேவி நடக்கத் தொடங்கியபோது அதை விட்டுவிட்டு, காப்பார் மீனவர் கம்பத்தில், அந்தக் கடலோரக் கிராமத்தில், ஒரு பலகை வீட்டுக்குத் தனியே போய்விட்டார். அங்கே அவர் வரைந்த, வலை பின்னும் பெண்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தார்கள். இங்கே அக்காள் தையல் மெஷினில் குனிந்தவர் நிமிரவேயில்லை.

அவ்வப்போது நண்டு வாங்கிக்கொண்டு வருவார். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். சில நாளில் முகம் வாடிவிடும். ஒருமுறை வாசலில் நின்று அழுதார்.

"இங்க இருந்தா படம் கூப்புடுது சரோ. அங்க போனா நீங்க ரெண்டு பேரும் கூப்புடுறீங்க."

"படம் கூப்புட்டா மட்டும் ஒடனே போயிடுறீங்களே," என்றார் அக்காள்.

அதற்கும் அழுதார். அழுதுகொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார்.

அக்காள் நோயாகிக் கிள்ளான் மருத்துவமனையில் கிடந்தபோது வந்தார். அவரைப் பார்த்ததும் அக்காளின் முகம் மலர்ந்தது. தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினார். மாமாவோ பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "கொஞ்சம் அசையாம இரு சரோ. வெளிச்சம் நல்லா விழுது."

தண்ணீரை நான் கொடுத்தேன். அந்த வாரமே அக்காள் போய்விட்டார். கருமாதிவரைகூட மாமா தங்கவில்லை.

'தாகம்' என்ற அந்த ஓவியத்துக்குத்தான் பரிசு கிடைத்தது. கண்காட்சியில் அதன்முன் நின்று பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அவரை ஓரமாக அழைத்துக் கேட்டேன்: "மாமா, அக்கா தண்ணி கேட்டது உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சும்மா. அதத்தானே வரைஞ்சிருக்கேன்."

ஓவியம் அருமையாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

தகனத்துக்கு முன் ஆளாளுக்குப் பேசினார்கள். மனித நேயம், கருணைக் கண்கள் என்றெல்லாம் சொன்னார்கள். மகளும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று தேவியின் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"அப்பா நல்லா வரைவாரு," என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

போய் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாமா. போங்கள்.