நாலாம் வகுப்பில் நிற்கும் நகரி பஸ்

வாத்தியார் வேலையில் எல்லாவற்றுக்கும் போட்டோ கேட்பார்கள்; பிள்ளைக்குப் படிக்க வந்ததா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். மதியச் சோற்றுக்குப் போட்டோ, கழிவறைக்குப் போட்டோ, காலையில் வந்து நிற்கும் என் மூஞ்சிக்கும் போட்டோ. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, விஜயபுரம் பக்கத்தில் ஒரு தமிழ் மீடியம் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் நான். எங்கள் பள்ளியில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். சாக்பீஸ் பிடிக்கும் சக பாவிகளே, உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு மேடு இருக்கும். அதன்மேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

பீரோவின் சாவி

இந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதில், ஹெட்மாஸ்டர் சீனிவாசுலு சார் தன் அறையில் இருந்த பச்சை பீரோவைத் திறந்து காட்டினார். எனக்குக் கண் விரிந்தது. மணிச்சட்டம், மரத்தில் செய்த எழுத்துகள், காந்தம், பூமி உருண்டை, வண்ண வண்ணப் பட அட்டைகள். பாதிக்கு மேல் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. நாளைக்கே நாலாம் வகுப்புக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். நான் அவர் வீட்டுப் பத்திரத்தைக் கேட்டது மாதிரி சார் பதறிப் போனார்.

நல்ல மனுஷர்தான். பிள்ளைகளை அடிக்க மாட்டார், டீச்சர்களை அதட்ட மாட்டார். ஆனால் மேலே இருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பேசுவார். பீரோவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பசங்க கைய வச்சா பாழாப் பூடும் மேடம். அப்புறம் ஆபீசர் வந்தா எத்தக் காட்றது?"

திருப்பதியில் கொடுத்த பயிற்சி

'மகிழ்ச்சியான வகுப்பறை' என்று திருப்பதியில் ஒரு பயிற்சிக்குப் போகச் சொன்னார்கள். விடிவதற்கு முன்பே கிளம்பி, பஸ் மாறி, மொட்டை போட்டவர்கள் நடுவில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். பயிற்சி கொடுக்க வந்தவர், பிள்ளைகளிடம் நீளமாகப் பேசவே கூடாது, அவர்களையே செய்ய விட வேண்டும் என்பதைக் காலையில் இருந்து சாப்பாட்டு வேளை வரை நீளமாகப் பேசினார். திரையில் ஓடியதையே திரும்ப வாசித்தார். எங்களில் யாரையும் எதையும் செய்ய விடவில்லை.

கடைசியில் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். கொடுத்த அட்டைகள் எல்லாம் தெலுங்கில் இருக்கின்றன, தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு என்ன வழி என்று கேட்டேன். தெலுங்கு மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பவர்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் பாடப் புத்தகம் தமிழ். அதற்கு ஏதாவது கொடுங்கள் என்றுதான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னது தமிழில் இது: "கொடுத்ததை வைத்து சமாளிப்பதுதான் மேடம் கிரியேட்டிவிட்டி."

சந்திரிகாவின் அம்மா வந்தாள்

நாலாம் வகுப்பில் சந்திரிகா என்று ஒரு பெண். வாயைத் திறந்தால் மூடமாட்டாள், புத்தகத்தைத் திறந்தால் வாயைத் திறக்கமாட்டாள். எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது. அவளுடைய அம்மா லட்சுமி நகரியில் ஒரு தறிப் பட்டறையில் வேலை செய்கிறாள். தினமும் பஸ்ஸில்தான் போய் வருவாள். படிக்கத் தெரியாது. நகரி பஸ் ஸ்டாண்டில் தமிழ் போர்டு பஸ்ஸும் நிற்கும், தெலுங்கு போர்டு பஸ்ஸும் நிற்கும். லட்சுமிக்கு எல்லாமே ஒன்றுதான். யாரையாவது கேட்டுத்தான் ஏறுவாள்.

ஒரு நாள் கேட்ட ஆள் சரியாகச் சொல்லாமல், விஜயபுரம் வர வேண்டியவள் பள்ளிப்பட்டில் போய் இறங்கிவிட்டாள். இருட்டின பிறகு, தெரியாத ஊரில், அழுதுகொண்டு நின்றிருக்கிறாள். மறுநாள் வேலைக்குப் போகாமல் நேராக என் வகுப்புக்கு வந்தாள். என்னை அடிக்காத குறைதான். அவள் கேட்டது இது: "நாலாவது படிக்குது, ஒரு பஸ்ஸு போர்டு படிக்கத் தெரில. இதுக்கு இன்னாத்துக்கு ஸ்கூலு? பரீட்ச முடியட்டும், நூலு சுத்த என்னோட கூட்டிக்கினு பூட்றேன்."

கண்டக்டர் உத்தியோகம்

அன்று சாயங்காலமே மளிகைக் கடையில் சோப்பு அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்தேன். அகலமாக வெட்டி நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டு, விஜயபுரம் என்று எழுதினேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. பெஞ்சுகளைப் பஸ் மாதிரி போட்டோம். நான் சொல்லும் ஊருக்குப் போர்டைப் படித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். தப்பான பஸ்ஸில் ஏறியவர்கள் அந்த ஊர் மூலையில் போய் உட்கார்ந்து, அடுத்த பஸ் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் நான் போர்டை மாற்றிவிடுவேன்.

சந்திரிகா பயணியாக வர மாட்டேன் என்றாள். கண்டக்டர்தான் வேண்டுமாம். போர்டைப் படித்துக் கூவத் தெரிந்தால்தான் கண்டக்டர் என்று சொல்லிவிட்டேன். முறைத்தாள். பயணியாக ஏறினாலும் போர்டு படிக்க வராமல் தப்பாகவே ஏறி, ஒரு வாரம் முழுக்கப் பள்ளிப்பட்டு மூலையில்தான் கிடந்தாள். அங்கே உட்கார்ந்தபடியே எதிரில் இருந்த போர்டுகளை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது அந்த மூலையில்தான், என் கரும்பலகையில் அல்ல. பிறகு ஒரு நாள் என் கையில் இருந்த விசிலைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புத்தூர் பஸ்ஸில் ஏறப்போன ஒரு பையனைத் தோளைப் பிடித்து இறக்கினாள். "யோவ், இது நகரி போவாது. படிச்சிப் பாத்து ஏர்றதுக்கு இன்னா கேடு?"

ஆபீசர் வந்தார்

மண்டலக் கல்வி ஆபீஸில் இருந்து அதிகாரி வந்த நேரம், திருத்தணி பஸ் புறப்படும் நேரம். விசில், கூச்சல், இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒரே தள்ளுமுள்ளு. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இது அரசாங்கம் அனுப்பிய எந்த கிட்டில் வந்தது என்று கேட்டார். சோப்புப் பெட்டி என்றேன். போனைத் திறந்து பார்த்தார். ஆப்பில் சார்ட் இருந்தது, மாடல் இருந்தது, பட அட்டை இருந்தது. சோப்புப் பெட்டிக்கு இடம் இல்லை. இந்தப் பெண்ணுக்கு இப்போது படிக்க வருகிறது, ஒரு வரி கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. ஆனால் போர்டுகளை மட்டும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சீனிவாசுலு சார் ஓடிப் போய் பீரோவைத் திறந்தார். பூமி உருண்டை வந்தது, மணிச்சட்டம் வந்தது, பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். உடனே எல்லாம் திரும்ப பீரோவுக்குள் போயிற்று. ஜீப்பில் ஏறும் முன் அதிகாரி என்னிடம் சொன்னார்: "மொதல்ல அந்தக் குப்பைய எடுங்க மேடம். இது ஸ்கூலா, பஸ் ஸ்டாண்டா?"

ஞாயிற்றுக்கிழமை

குப்பையை எடுத்தேன். சமையல் அறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அதிகாரி வராத நாட்களில், அதாவது அநேகமாக எல்லா நாட்களிலும், பஸ் ஓடியது.

பரீட்சை முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது லட்சுமி மறுபடியும் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை சந்திரிகாவைப் பட்டறைக்குக் கூட்டிப்போய் முதலாளியிடம் காட்டிவிட்டு வந்தாளாம். நூல் சுற்ற ஆள் சரிதான் என்று அவரும் சொல்லிவிட்டாராம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் யாரோ கைகாட்டிய பஸ்ஸில் லட்சுமி ஒரு காலை வைக்க, பெண் முந்தானையைப் பிடித்து இழுத்து, இது பள்ளிப்பட்டு என்றிருக்கிறாள். அதோடு விடாமல், நின்றிருந்த எல்லா பஸ்ஸின் போர்டையும் வரிசையாகக் கத்திப் படித்திருக்கிறாள். ஸ்டாண்டே திரும்பிப் பார்த்ததாம். கடைசியில் லட்சுமி சொன்னாள்: "தமிளும் படிக்குது, தெலுங்கும் படிக்குது டீச்சர். தறிக்கு வராதுன்னு சொல்ட்டேன். இன்னும் இன்னா படிப்பு கீதோ அதையும் சொல்லிக் குடுத்துடுங்க."

புது கிட்

இந்த வருஷம் பள்ளி திறந்ததும் ஒரு பெட்டி வந்தது. உள்ளே பளபளவென்று லேமினேட் செய்த பஸ் போர்டுகள். சித்தூரில் நடந்த கண்காட்சியில் நம் அதிகாரி வைத்த 'புதுமை யோசனை' பரிசு வாங்கியதாம், அதை அச்சடித்து எல்லாப் பள்ளிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். விஜயவாடா, விசாகப்பட்டினம், கர்னூல், ராஜமுந்திரி. ஒரே பக்கம்தான் அச்சு, அதுவும் தெலுங்கு. சோப்புப் பெட்டி வாடைகூட அதில் இல்லை. என் பெயர் வேண்டாம், அந்தப் பள்ளிப்பட்டு மூலையையாவது விட்டுவைத்திருக்கலாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

பெட்டியைப் பிரித்த அன்றே போட்டோ அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட சந்திரிகாவை நிற்க வைத்து, கையில் விசாகப்பட்டினத்தைக் கொடுத்து, சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார் சீனிவாசுலு சார். அவள் போர்டைத் தன் பக்கம் திருப்பி ஒரு தடவை படித்தாள். பெட்டியில் இருந்த மற்றதையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு எல்லாவற்றையும் அடுக்கி சாரிடமே நீட்டினாள். "வச்சிக்கோ சார். இதுல ஒரு பஸ்ஸும் எங்கம்மாவ வூட்டுக்கு இட்டாராது."

போட்டோ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, விசாகப்பட்டினம் பஸ் பச்சை பீரோவுக்குள் பத்திரமாக நிற்கிறது, நகரி பஸ் மட்டும் இன்றைக்கும் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்துதான் புறப்படுகிறது.