முழங்கால் உயர ஈயம்

காப்பார் சாலையில் இருக்கும் புனிதாவின் பழைய இரும்புக் கடையில் கை கழுவாமல் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட முடியாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, "பைப் அங்க இருக்கு, மொதல்ல கழுவுங்க" என்று சோப்பைக் காட்டுவாள். அவள் வாங்கி விற்பது காரீயம். அந்தத் தூள் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். அதனால் இதில் மட்டும் தயவு தாட்சண்யம் கிடையாது.

முன்பு அவள் ஷா ஆலமில் ஒரு டயர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். சக்கரம் ஆடாமல் ஓட விளிம்பில் மாட்டியிருக்கும் சின்னச் சின்ன ஈயக் கட்டிகளைக் கழற்றி அங்கே பிஸ்கட் டின்னில் சேர்ப்பார்கள். வாங்க வருகிறவன் டின்னை ஒரு தரம் ஆட்டிவிட்டு வாய்க்கு வந்த எடையைச் சொல்வான். புனிதாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். டின்னைத் தூக்கிப் பார்த்து மனத்துக்குள் ஓர் எடையைச் சொல்லிக்கொள்வாள், பிறகு தராசில் வைப்பாள். தராசும் கையும் ஒரே பேச்சைப் பேச ஆரம்பித்ததும் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டாள். என்ன துணிச்சல்!

விலை சொல்வதற்கும் அவளுக்கு நகம் போதும். அழுத்தினால் தடம் விழுகிறதா, நல்ல மெதுவான ஈயம், விலை கூடுதல். விழவில்லையா, கலப்பு. தகடு என்றால் டேப் வைத்து நீள அகலம் பார்த்து, ஓரத்தைக் கீறிக் கனம் பார்த்து, நின்ற இடத்திலேயே எடை சொல்லிவிடுவாள். இத்தனை வருஷத்தில் கணக்கு அவளைக் கைவிட்டதில்லை. இடுப்புதான் கைவிட்டுவிட்டது. எல்லாவற்றையும் தூக்கி இறக்கியது அந்த இடுப்புதானே.

போன வருஷம் கிள்ளானில், பழைய கடைவீடு ஒன்றின் மாடியிலிருந்த எக்ஸ்ரே நிலையத்தை மூடினார்கள். உடைப்பு வேலையை எடுத்திருந்த லோகன், கதிர் வெளியே போகாமல் தடுக்கச் சுவரில் அடித்திருந்த ஈயத் தகடுகளை உரித்து மொத்தமாக விற்கப்போவதாகச் சொல்லி அனுப்பினான். அந்தச் சரக்கு கிடைத்தால் பழைய ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வாங்கிவிடலாம், இனி இடுப்பை வதைக்க வேண்டாம் என்று புனிதா முடிவே செய்துவிட்டாள்.

சரக்கு பார்க்க வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பார்ப்பார்கள், தொடுவார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். எடையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வெளியே போய் விலையை வாட்சப்பில் அனுப்புவார்கள். எடையைச் சொல்லிவிட்டால் பக்கத்தில் நிற்கும் போட்டிக்காரருக்கு உங்கள் விலையும் தெரிந்துபோகும்.

மாடி ஏறுவதற்கு முன் புனிதா கீழே ஷாஹுலின் சாப்பாட்டுக் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்தாள். கிளாசுக்குள் வெள்ளையாகத் தூள் விழுந்தது. "மேல ஒடைக்கிறானுங்கக்கா, காலையிலேருந்து இதே தொல்லை" என்று ஷாஹுல் வேறு கிளாஸ் வைத்தார். வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து வரும் மதியக் கூட்டத்துக்கு மேசைகளை நெருக்கிப் போட்டிருந்தார்.

மேலே போட்டிக்காரர் ராதாகிருஷ்ணன் முன்னதாகவே வந்து நின்றிருந்தார். தகடுகளைச் சுருட்டி, ஜன்னலோரத்தில் ஒரே இடத்தில் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். புனிதா அளந்தாள், கீறினாள், கணக்குப் போட்டாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். பலகைத் தரை. அடுக்குக்குக் கீழே லேசாகக் குழிந்திருந்தது. சற்று முன் கிளாசில் தூள் விழுந்த மேசை சரியாக அந்த இடத்துக்குக் கீழேதான் இருந்தது.

"லோகன் தம்பி, இதைப் பிரிச்சு சுவரோரமாப் பரப்புங்க. கீழ கடையைக் காலி பண்ணச் சொல்லுங்க, இப்பவே."

"என்னக்கா, முட்டி உயரம்கூட இல்ல லா. அவருக்கு லஞ்ச் டைம், சண்டைக்கு வருவாரு."

ராதாகிருஷ்ணன் சிரித்தார். "பயங்காட்டி வெலையைக் கொறைக்கிறா தம்பி. அதுல பாதி ரப்பர் ஷீட்."

புனிதாவுக்கு ஃபோர்க்லிஃப்ட் கண்ணில் வந்து நின்றது. கீழே தட்டுகள் வைக்கும் சத்தமும் கேட்டது. ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"ரப்பர் கெடையாது. ரெண்டு மில்லி கனம், உள்ள வரைக்கும் சுத்த ஈயம். ஆயிரத்து முந்நூத்தி அம்பது கிலோ. ஒரு மைவி காருல அஞ்சு பேரை உக்கார வச்சு இந்தப் பலகை மேல நிறுத்துவீங்களா?"

லோகனின் முகம் வெளுத்தது. ஓரடி பின்னால் வைத்தான், அப்படியே படியிறங்கி ஓடினான். ராதாகிருஷ்ணனின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் மனத்தில் போட்டிருந்த எடை அதில் பாதிதான். கீழே ஷாஹுல் கத்துவதும் நாற்காலிகள் இழுபடுவதும் கேட்டன. கடை காலியான பிறகு, ஆட்கள் சுவரோரமாகவே நடந்து சுருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்கள். தூள் விழுவது நின்றது.

சரக்கு ராதாகிருஷ்ணனுக்குப் போனது. புனிதாவின் விலைக்கு மேலே கொஞ்சமே கொஞ்சம் ஏற்றி அனுப்பியிருந்தார். எடை தெரிந்த பிறகு அதற்கென்ன சிரமம்? சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"தராசுல போட்டேன். நீ சொன்னதுல ஒன்பது கிலோதான் கொறைஞ்சிச்சு, புனிதா."

"கீழ சாப்பாட்டுக் கடையைத் தொறந்துட்டாங்களாண்ணே?" என்று கேட்டாள் அவள்.

அடுத்த வாரம் டயர் கடைகளைச் சுற்றிவிட்டு வரும் வழியில், லோரியை நிறுத்தி அதே மேசையில் போய் உட்கார்ந்தாள். ஷாஹுலுக்கு ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"அந்தக் காண்ட்ராக்டர் என் வெள்ளிக்கிழமை வியாபாரத்தையே கெடுத்துட்டான்கா. மேல என்னமோ வெயிட்டாம், தரை இறங்கிடுமாம். பாருங்க, இறங்கிச்சா?"

புனிதா அண்ணாந்து பார்த்தாள். பலகைகள் நேராக இருந்தன. சுற்றி எல்லா மேசையிலும் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இறங்கலண்ணே" என்றாள்.

காசை வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி எழுந்து லோரிக்குப் போனாள். அன்றைய டின்களை அவள்தான் இறக்க வேண்டும்.